பஹ்ரைனில் ஐந்து நாள்: எந்த மாதம், எந்தப் பேட்டை, எந்த வண்டி

அக்காவிடமிருந்து வாட்ஸாப்பில் வந்தது ஒரே வரி: "டிசம்பரா மேயா? எங்க ரூம் போடுறது?"

பதினொரு வருடமாக பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இருக்கிறேன். சித்தப்பா குடும்பம், பழைய ரூம்மேட், மனைவியின் தோழிகள் என்று இதற்குள் நாலைந்து பட்டாளத்தை ஏர்போர்ட்டில் போய்க் கூப்பிட்டு, சுற்றிக்காட்டி, திருப்பி ஏற்றிவிட்டிருக்கிறேன். அதில் இரண்டு முறை நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன். அக்காவுக்கு எழுதிய நீளமான பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபண்ணி இங்கே போடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்கள் அக்கா, அத்தான், முழங்கால் வலியோடு அம்மா, ஒன்பதாவது படிக்கிற மூத்தவள், எட்டு வயதுப் பொடியன். ஐந்து இரவு. என் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான், இத்தனை பேருக்குக் காணாது. ஆக ஹோட்டல்.

அத்தானுக்கு முதலில் துபாய் ஆசை. வானளாவிய கட்டடமும் பெரிய பெரிய மாலும்தான் வேண்டுமென்றால் துபாய்க்கே போகலாம், நான் தடுக்கவில்லை. இங்கே அந்த அளவு கிடையாது. முக்கியத் தீவு வடக்கு தெற்காக 50 கிலோமீட்டர் போல, அகலம் 16 தேறினால் அதிகம். ட்ராஃபிக் இல்லாத நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனாலேயே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: "சின்ன ஊர்தானே, எங்கே தங்கினால் என்ன" என்று இணையத்தில் மலிவாகத் தெரியும் ரூமைப் போட்டுவிடுகிறார்கள்.

பகலில் எப்படியும் வண்டியில்தான் திரியப்போகிறீர்கள். அதில் பத்து நிமிடம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. சாயங்காலம் குளித்துவிட்டு, காரை எடுக்காமல், கீழே இறங்கி நடந்தால் கண்ணுக்கு என்ன படும்? இந்த ஊரில் நான் ஹோட்டலையும் மாதத்தையும் அந்தச் சாயங்காலத்தை வைத்துத்தான் எடைபோடுவேன்.

மாதம்

மே மாதம் பள்ளி விடுமுறை, டிசம்பரைவிட ரூம் வாடகையும் குறையும். ஆனால் மே பிறக்கும்போதே இங்கே வெயில் ஏறியிருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். வெயிலைக்கூட நம்மவர் தாங்கிவிடுவார்கள், கூடவே கடல் ஈரம் வரும், அதுதான் ஆளைச் சாய்க்கும். சித்தப்பா ஆகஸ்டில் வந்தார். என் சொதப்பலில் முதலாவது அதுதான், "பரவாயில்லை வாங்க" என்று சொன்னது நான். இரவு எட்டரை மணிக்கு ஏசி காரிலிருந்து இறங்கினார், இறங்கின கையோடு மூக்குக்கண்ணாடி பால் வெள்ளையாக மங்கிவிட்டது. துடைக்கிறார், மறுபடியும் மங்குகிறது. கடைசியில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சூக் என்கிற பழைய கடைவீதியைச் சுற்றினார். மீதி நாலு நாளும் மாலிலேயே கழிந்தது. மாலுக்குச் சென்னையே போதுமே.

மே, ஜூன் தவிர வேறு வழியில்லை என்பவர்களுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு திட்டம் போடலாம்: தெற்கே இருக்கிற லாஸ்ட் பாரடைஸ் ஆஃப் தில்முன் நீர் விளையாட்டுப் பூங்கா, ஒரு நீச்சல்குளம், ஒரு மியூசியம். பெரியவர்களைக் கூட்டிவர வேண்டாம்.

நவம்பர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரைதான் இந்த ஊருக்கு உண்மையான சீசன். அரையாண்டு விடுமுறையில் வந்தால் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் அம்மாவுக்கு ஒரு சால்வை வேண்டும். டிசம்பர் 16 தேசிய நாள். அதற்குப் போட்ட சிவப்பு வெள்ளை விளக்குகளை உடனே கழற்றிவிட மாட்டார்கள். ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் இருட்டியிருக்கும்.

பிப்ரவரி, மார்ச் பக்கம் யோசிக்கிறவர்கள் ரமலான் எப்போது என்று முதலில் பாருங்கள். இப்போது சில வருடமாக அது இந்த நல்ல சீசனுக்குள்தான் விழுகிறது. பகலில் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளும் பகலில் மூடியிருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கஷ்டம். தனியாகவோ தம்பதியாகவோ வருகிறவர்களிடம் நானே ரமலானில் வாருங்கள் என்பேன். ஊர் இரவில்தான் விழித்திருக்கும். மாதத்தின் நடுவில் கர்கவூன் என்று ஓர் இரவு, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பையில் கடலையும் மிட்டாயும் வாங்குவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. வார விடுமுறை இங்கே வெள்ளி, சனி. வியாழன் சாயங்காலம் ஆனால் சவூதிக்காரர்கள் காஸ்வே வழியாகக் காரிலேயே வந்து இறங்குவார்கள். 1986-இல் திறந்த அந்த 25 கிலோமீட்டர் கடல் பாலம்தான் இந்த ஊர் ஹோட்டல் வாடகையைத் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை. ஞாயிறு வந்து இறங்கி வியாழனோ வெள்ளியோ கிளம்பினால் அதே ரூம் குறைந்த காசுக்குக் கிடைக்கும். சாகிரில் ஃபார்முலா ஒன் நடக்கிற வாரம் மட்டும் எந்தக் கிழமையானாலும் வேண்டாம், கார் பந்தயம் பார்ப்பதற்கென்றே வந்தாலொழிய.

சரி, டிசம்பர். அடுத்தது, எங்கே.

பேட்டை

நான்கு இடங்களை எடுத்துக்கொள்ளலாம். சீஃப், ஜுஃபைர், பழைய மனாமா, முஹரக். தெற்கே ஸல்லாக் கடற்கரை ரிசார்ட்டுகளைக் கடைசியில் சொல்கிறேன்.

சீஃப் புதுசு. கடலை மேடாக்கிக் கட்டிய இடம், அகலமான சாலை, பெரிய மால், சுத்தமான ரூம். அக்கா இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டதும் இங்கேதான். சாயங்காலச் சோதனையில் முதலில் தோற்பதும் இதுதான். மாலுக்கு வெளியே காலாற நடக்க இடமில்லை. எதிரில் தெரிகிற கடைக்குப் போகக்கூட ஆறு வழிச் சாலையைத் தாண்ட வேண்டும். அதற்காகவே டாக்சி பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே ஒரு நல்லது: பஹ்ரைன் கோட்டை பக்கம்.

ஜுஃபைரில் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டல்கள் நிறைய. ஐந்து பேர் குடும்பத்துக்கு வாடகை கட்டுப்படியாகும், அல் ஃபாத்திஹ் பெரிய பள்ளிவாசலும் அருகில். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அந்தப் பள்ளிவாசலை எல்லோரும் பார்க்கலாம், காசு கிடையாது, பெண்கள் மேலே போட்டுக்கொள்ளும் அபாயா அங்கியை அவர்களே தருவார்கள். ஆனால் ஜுஃபைரில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிறது. அதைச் சுற்றி பார்களும் துரித உணவுக் கடைகளும் வளர்ந்திருக்கின்றன. வியாழன் இரவு கார் ஹாரன் ஓயாது. என் இரண்டாவது சொதப்பல் நடந்ததும் இந்தப் பேட்டையில்தான். ரூம்மேட் குடும்பத்துக்கு மலிவாக ஒரு ஹோட்டல் போட்டுக்கொடுத்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. அவர்கள் ரூமுக்கு நேர் கீழே டான்ஸ் பார் என்பதைப் படத்தில் எங்கே காட்டப்போகிறார்கள்? இரவு இரண்டு மணிவரை கட்டில் அதிர்ந்ததாம். மறுநாள் காலையில் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எந்தப் பேட்டையானாலும் சரி, ரூம் போடும் முன் விமர்சனங்களில் "சத்தம்", "மியூசிக்", "கிளப்" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

பழைய மனாமா என்றால் பாப் அல் பஹ்ரைன் வாசலைச் சுற்றிய இடம். நம்மவர் வாயில் அது பாபுல் பஹ்ரைன். வாசலுக்குப் பின்னால் சூக். தங்கக் கடை, துணிக் கடை, ஏலக்காயும் காய்ந்த எலுமிச்சையும் மூட்டை மூட்டையாக வைத்த மசாலாக் கடை. சந்துக்குள் கொஞ்சம் போனால் கிருஷ்ணர் கோவில், சிந்திலிருந்து வந்த வணிகர்கள் கட்டியது, 200 வருடப் பழமை. அம்மாவுக்கு அதைச் சொன்னதும் பாதி சம்மதம். மாத்தம் எனப்படும் ஷியாக்களின் துக்கக் கூடங்கள், ஒரு யூதத் தொழுகை இல்லம், சுன்னிப் பள்ளிவாசல் என்று எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, ராத்திரி புரோட்டா எல்லாம் நடந்து போகிற தூரம். விலைப்பலகையில் 1.500 என்று போட்டிருந்தால் அம்மா பதறக்கூடாது. இங்கே ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், அது ஒன்றரை தினார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கட்டடங்கள் பழசு. உட்சந்துகளில் கார் நுழையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை பாதிக் கடை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிலாளர்கள் எல்லோரும் வந்து கூடுவார்கள், வங்காளியும் மலையாளமும் தமிழும் கலந்து காதை நிறைக்கும். எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். முஹர்ரம் பத்து நாட்களில் இந்தத் தெருக்களில்தான் ஷியாக்களின் ஆஷுரா துக்க ஊர்வலம் போகும், சாலைகளை மூடிவிடுவார்கள். அந்தச் சமயம் இங்கே ரூம் போடுவதென்றால் தெரிந்து போட வேண்டும்.

கடைசியாக முஹரக். எனக்கு மனசுக்குப் பிடித்த இடம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். விமான நிலையம் இருக்கிற தீவு இது, மனாமாவிலிருந்து பாலம் தாண்டினால் பத்து நிமிடம். 1932 வரை தலைநகரம் இதுதான். வருகிறவர்கள் ஏர்போர்ட்டில் இறங்கி, நேரே மனாமாவுக்கு வண்டியேறி, இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள்.

முஹரக்கின் பழைய தெருக்களுக்குள் மூன்றரை கிலோமீட்டருக்கு முத்துப் பாதை என்று ஒரு நடைபாதை இருக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. நம்மூரில் முத்துக்குளித்துறை என்றால் மன்னார் வளைகுடா, இங்கே அது பாரசீக வளைகுடா. முத்து வணிகர் வீடு, நகுதா வீடு, குளியாளி வீடு, படகு கிளம்பிய கரையில் பூ மாஹிர் கோட்டை என்று ஒவ்வொன்றாக வரும். படகுத் தலைவனை இங்கேயும் நகுதா என்றுதான் சொல்கிறார்கள், காயல்பட்டினத்துக்காரர் காதுக்குப் புதிதல்ல. கோடையில் நாலு மாதம் கடலிலேயே கிடந்து, மூக்கில் கவ்வி மாட்டி, கல்லில் கால் வைத்து இறங்கி மூழ்குவார்கள். கிளம்பும் முன்பே நகுதாவிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், சீசன் முடியும்போது கடன் தீர்ந்தவர்கள் குறைவு. 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டன. 1932-இல் ஜபல் துகானில் எண்ணெய் வந்தது. இன்றும் வளர்ப்பு முத்து வியாபாரத்துக்கு இங்கே தடை இருக்கிறது.

இந்தப் பாதையில் சாயங்காலம் நடக்க வேண்டும். வெள்ளை முத்து மாதிரி உருண்டை விளக்குகள் வழிகாட்டும். ஒரு திருப்பத்தில் யாரோ வீட்டு வாசலில் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த திருப்பத்தில் இருநூறு ஃபில்ஸுக்குக் கரக் சாயா. பையன்கள் விளக்கடியில் பந்து விளையாடுவார்கள். சில வருடமாக டிசம்பரில் 'முஹரக் இரவுகள்' என்று விழாவும் நடத்துகிறார்கள், பூட்டிக்கிடக்கும் வீடுகளைக்கூடத் திறந்துவைப்பார்கள். அம்மா முழுத் தூரமும் நடக்க முடியாது. பாதி போதும், நடுநடுவே உட்காரச் சின்னச் சின்ன முற்றங்கள் உண்டு.

பிறகு ஏன் முஹரக்கிலேயே தங்கச் சொல்லவில்லை? ஹோட்டல் குறைவு. நல்லதாக இருப்பவை ஒன்றிரண்டு பழைய வீட்டை மாற்றியவை, அறைகள் கொஞ்சம்தான், ஐந்து பேருக்கு வாடகை எகிறும். நம்ம சாப்பாட்டுக்கும் கொஞ்சம் அலைய வேண்டும். புதுசாகக் கல்யாணமானவர்கள் கேட்டிருந்தால் யோசிக்காமல் முஹரக் என்றிருப்பேன். அக்கா குடும்பத்துக்குப் பழைய மனாமா, அதிலும் உட்சந்தில் வேண்டாம், வாசலை ஒட்டிய மெயின் ரோட்டில். இரண்டு சாயங்காலத்தை முஹரக்குக்கு ஒதுக்கிவிடலாம்.

ஸல்லாக் ரிசார்ட்டுகள் மேற்குக் கரையில் இருக்கின்றன. சொந்தக் கடற்கரை, நீச்சல்குளம், காலை உணவு எல்லாம் பிரமாதம். ரூமை விட்டு வெளியே வராமல் ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் மாலத்தீவு மாதிரி இருக்கும் என்று எண்ணி வராதீர்கள். தீவு நாடாக இருந்தும் இங்கே கரையின் பெரும்பகுதியில் காலை நனைக்க முடியாது, ஒன்று தனியாருடையது, அல்லது மேடாக்கியது. கடல்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் படகு எடுத்து ஜராதா போகலாம். அலை வற்றும்போது நடுக்கடலில் மேலெழும் மணல்திட்டு அது. அலை நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும், பொடியனுக்கு இதைச் சொன்னால் மற்ற எதையும் கேட்க மாட்டான்.

வண்டி

இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. சிவப்பு பஸ் மலிவு, சுத்தம், ஏசி. சில நூறு ஃபில்ஸில் முஹரக்கும் மாலும் போய்வரலாம். ஆனால் ஐந்து பேராகப் போகும்போது ஆப்பில் வரும் டாக்சிக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதில்லை, அம்மாவுக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கவும் முடியாது. தெற்கே பாலைவனப் பக்கம் போக மட்டும் கார் வேண்டும். ஐந்து நாளும் வாடகைக்கு எடுத்தால் சூக் பக்கம் பார்க்கிங் தேடியே உயிர் போகும். இரண்டு நாள் போதும். அத்தான் ஓட்டுவதாக இருந்தால் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துவரட்டும். இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவுக்குள் இடப்பக்கமிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி. முதல் அரை நாள் நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டு நாளில் ஒன்று வாழ்க்கை மரத்துக்கு. மனாமாவிலிருந்து 40 கிலோமீட்டர் போல, சுற்றிலும் மணல், நடுவில் தனியாக ஒரு மரம், 400 வருட வயது என்கிறார்கள். ஒரே மரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். கிட்டே போய் இலையைப் பார்த்தபோதுதான் உறைத்தது: நம்ம வன்னி. விருத்தாசலம் கோவிலில் தலவிருட்சமாக நிற்கிற அதே மரம், விஜயதசமிக்கு அம்பு போடுகிற மரம். அம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், கையெடுத்துக் கும்பிடுவார். திரும்பும்போது ஆலி வழியாக வரலாம். தில்முன் என்ற பழங்கால நாகரிகத்தின் ராஜ கல்லறை மேடுகள் வீடுகளுக்கு நடுவே குன்று குன்றாக நிற்கும், பக்கத்திலேயே மண்பாண்டம் வனைகிறார்கள்.

இன்னொரு நாள் பஹ்ரைன் கோட்டை. மதியம் மூன்று மணிக்கு மியூசியத்தில் நுழைந்து, நாலரைக்குக் கோட்டைச் சுவரில் ஏறினால் சூரியன் விழுவதைப் பார்க்கலாம். இப்போது தெரிகிற கோட்டை போர்ச்சுகீசியர் காலத்தில் வந்து நின்ற வடிவம். அது நிற்கிற மேடு இயற்கையானதல்ல, நாலாயிரம் வருடமாக ஊர்மேல் ஊராகக் கட்டி எழுந்தது. சிந்துவெளி எடைக்கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன, அந்தக் காலத்திலேயே நம் பக்கத்து வியாபாரி இங்கே தராசு பிடித்திருக்கிறான். மூத்தவளிடம் பாம்புச் சட்டிகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன். பழைய அரண்மனைத் தரைக்கடியில் சின்ன மண்சட்டிகளில் பாம்பைச் சுருட்டி வைத்துப் புதைத்திருந்தார்கள், சிலவற்றில் கூடவே ஒரு மணியோ முத்தோ.

காசும் காகிதமும்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா ஆன்லைனில் எடுக்கலாம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அரசாங்கத் தளத்தில் மட்டும் பாருங்கள். ஒரு தினார் 230 ரூபாய்க்கு மேல். ஹோட்டல் வாடகையோடு 10 சதவீத வாட், சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். 2024 மே முதல் ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 3 தினார் சுற்றுலா வரி வேறு. இரண்டு ரூம், ஐந்து இரவு என்றால் அதுவே 30 தினார், ஏழாயிரம் ரூபாய் போல. இணையத்தில் காட்டும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள், மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது. டிக்கெட்டைப் பொறுத்தவரை சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. வளைகுடாவில் அரசியல் சூடானால் வான்வழியை மூடிவிடுகிறார்கள், 2025 ஜூன் 23 இரவு இங்கேயும் சில மணி நேரம் மூடினார்கள். கொஞ்சம் காசு கூடினாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கிளம்பும் வாரம் செய்தியையும் பாருங்கள்.

நேற்று ராத்திரி அத்தான் ஃபோன் பண்ணினார். டிசம்பர் சரி, பாபுல் பஹ்ரைன் சரி, வன்னி மரத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும் என்றார். அப்புறம் அம்மா வாங்கிப் பேசினார். முதலூரிலிருந்து மஸ்கோத் அல்வா இரண்டு கிலோ சொல்லிவைத்திருக்கிறாராம். முஹரக்கில் ஷுவைத்தர் அல்வா என்று ஒன்று இருக்கிறது, குங்குமப்பூவும் பாதாமும் போட்டுக் கண்ணாடி மாதிரி நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.